பந்துப் பையின் அடித்துணி

செப்தெரிட், போகோட் கரை
12 ஜனவரி 2006, வியாழன்

எகிடோர் என்கிற வாசல்காரனுக்கு,

உன் பெயருக்கு உங்கள் துர்க்கானா மொழியில் வாசல் என்று பொருள் என, இரண்டு கரைப் பிள்ளைகளுக்கும் நடந்த முகாமில் நீயே சொன்னாய். என் அம்மா விறகு பொறுக்கப் போன இடத்தில் என்னைப் பெற்றதால் எனக்கு செசாங், அதாவது வெளியே பிறந்தவள் என்று பெயர். வாசலும் வெளியும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் யார்தான் இருப்பார்கள்?

கடிதம் எழுத உன்னைத் தேர்ந்தெடுத்தது நானல்ல, வாஃபுலா சார். வகுப்புக்கு வந்து, "ஆத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிள்ளைங்க நட்பானா பெரியவங்க துப்பாக்கியைக் கீழ போட்ருவாங்க" என்றார். அவருடைய 'இரு கரை அமைதி மையம்' போட்டிருக்கும் சட்டம் இது: பள்ளிக்கூட சுவாஹிலியில் எழுத வேண்டும். தினசரி வாழ்க்கையைப் பற்றி எழுத வேண்டும். சண்டையைப் பற்றி எழுதக் கூடாது. உறையை ஒட்டக் கூடாது. "ஏன் சார் ஒட்டக் கூடாது?" என்றேன். "உங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்றார். பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு முதுகு அரிக்கும்.

தினசரி வாழ்க்கை: இன்று மையத்தின் கூட்டம். எங்கள் ஊர் அமைதிக் குழுவுக்குத் தலைவர் என் பெரியப்பா லோரிபோ. அவரை நீ மறந்திருக்க மாட்டாய். கூட்டம் என்றால் ஆடு வெட்டுவார்கள். மற்றவர்களுக்கு அது இரு கரை, பெரியப்பாவுக்கு இரு கறி. கருத்தரங்கு என்று துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ருவை அழித்து றி ஆக்கி, கறித்தரங்கு என்று திருத்தியது யார் என்று இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

மையம் இரண்டு பள்ளிக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல பந்து கொடுத்திருக்கிறது அல்லவா? வியாழன் எங்களுக்கு, வெள்ளி உங்களுக்கு. மற்ற நாளெல்லாம் வாஃபுலா சாரின் வெள்ளை வண்டியில் உட்கார்ந்து ஊர் சுற்றுகிறது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பயமில்லாமல் போய் வருவது அந்தப் பந்து ஒன்றுதான். அடுத்த பிறவியில் பந்தாகப் பிறக்கலாம் என்றால் உதைக்கிறார்களே.

கழுதை விஷயத்தில் இன்னும் கோபமா?

செசாங்


நகிலெட், துர்க்கானா கரை
13 ஜனவரி 2006

செசாங்குக்கு,

உனக்கு எழுத எனக்கு ஆசை இல்லை. கடிதத்துக்கு மதிப்பெண் உண்டு என்று ஆசிரியர் சொன்னார்.

கோபமா என்று கேட்கிறாய். "எங்க மொழியில வணக்கம் இப்படித்தான் சொல்லணும்" என்று நீ சொல்லிக் கொடுத்ததை நம்பி, இருநூறு பேர் முன்னால் உன் பெரியப்பாவிடம் போய் "நான் உங்கள் கழுதை" என்று சொன்னவன் நான். அவர் சிரித்த சிரிப்பில் சோடா மூக்கு வழியாக வந்தது. இப்போதும் வகுப்பில் என்னைப் பார்த்தால் கத்துகிறார்கள். கழுதை கத்துவது போல.

தினசரி வாழ்க்கை: எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு தங்கைகள், பதினோரு ஒட்டகங்கள். அண்ணன் எருபே வீட்டில் இல்லை. புல் காய்ந்துவிட்டதால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு லோமெரி ஊற்றுக்குப் போயிருக்கிறான். மழை வரும் வரை அங்கேதான். துணைக்கு நாய் மட்டும். நாயின் பெயர் சேர்மன். உன் பெரியப்பாவைச் சொல்லவில்லை, அது குட்டியாக இருந்தபோதே வைத்த பெயர். எருபே தனியாக இருந்தால் சத்தமாகப் பாடுவான், பாட்டு சகிக்காது. அதனால்தான் துணைக்கு யாரும் போகவில்லை.

ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

எகிடோர்


நகிலெட்
27 ஜனவரி 2006

செசாங்,

ஞாயிறு விடியலில் உங்கள் கரையிலிருந்து லோமெரி ஊற்றுக்கு வந்தார்கள். ஆடுகள் ஒன்று விடாமல் போய்விட்டன. எருபேயின் தொடையில் குண்டு. மாட்டு வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தோம். வழி முழுக்க அவன் பாடவில்லை.

ஊற்றுகள் எத்தனையோ இருக்கின்றன. வருகிறவர்கள் தடம் பார்த்துத் தேடுவார்கள், நாய் குரைக்கும், ஓடி ஒளிய நேரம் கிடைக்கும். எருபே சொல்கிறான்: "அவங்க தேடிட்டு வரலடா. நேரா வந்தாங்க. சேர்மன், சேர்மன்னு நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. அது வாலை ஆட்டிட்டுப் போச்சு. போனதும் வெட்டிட்டாங்க."

அந்த நாயின் பெயர் எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. நான் எழுதியது ஒரே ஒரு தாளில்.

முகாமில் கழுதையாக்கினாய். சிரித்தார்கள், போகட்டும் என்று விட்டேன். இப்போதும் சிரிக்கிறாயா?

இந்தக் கடிதத்தில் சண்டை இருக்கிறது. சட்டப்படி இதை அனுப்பக் கூடாது. வாஃபுலா சார், நீங்கள் படிப்பதாக இருந்தால் படித்துக்கொள்ளுங்கள்.

எகிடோர்

(ஓரத்தில், வேறு கையெழுத்தில்: பிள்ளைகளின் கடிதங்களை நான் படிப்பதில்லை, மேலோட்டமாகப் பார்ப்பதோடு சரி. – வாஃபுலா)


செப்தெரிட்
2 பிப்ரவரி 2006
(பந்துப் பையின் அடித்துணிக்குள்)

எகிடோர்,

கண்டுபிடித்துவிட்டாய். உறையில் வந்த கடிதத்தில், "பந்துப் பையின் அடித்துணி கிழிந்திருக்கிறது, தைத்து அனுப்பு" என்று ஒரு வரி மட்டும் எழுதியிருந்தேன். ஊசியோடு போயிருந்தால் இது கிடைத்திருக்கும். கிடைக்காவிட்டால் நீ நிஜமாகவே கழுதை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாம் தடவை கோபம் வந்தது. நான் குறும்புக்காரி. ஒருவன் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெட்ட வைக்கிறவள் இல்லை. மூன்றாம் தடவை படித்தபோது வாஃபுலா சாரின் ஓரக் குறிப்பில் கண் நின்றது. படிக்கவே இல்லை என்று, படித்துவிட்டு, அதன் மேலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார் பார். இப்படிப்பட்டவரை நம்பியா ஆற்றின் இரண்டு கரையும் இருக்கின்றன?

உடனே பெட்டியைத் திறந்து உன் பழைய கடிதத்தை எடுத்தேன், லோமெரி என்று நீ எழுதிய கடிதத்தை. அது காலையில் வண்டியில் வந்தது. என் கைக்கு வந்தது சாயங்காலம். ஓரத்தில் எண்ணெய்க் கறை. முகர்ந்து பார்த்தேன், வறுத்த ஆட்டுக்கறி. அன்று எங்கள் ஊரில் ஆடு வெட்டியது ஒரே இடத்தில். அமைதிக் குழுக் கூட்டத்தில்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை உன் கடிதம் அங்கே என்ன செய்தது? சாப்பிட்டுக்கொண்டிருந்ததா?

ஒரு சோதனை செய்வோம். உறையில் வரும் அடுத்த கடிதத்தில் ஒரு பொய்யை எழுது. ஆள் இல்லாத இடத்தில் ஒட்டகம் நிற்கிறது என்று எழுது. நான் கூட்டத்துக்கு டீ ஊற்றப் போகிறேன். நானாகவே வேலை செய்ய முன்வந்தால் ஊரே சந்தேகப்படும், பரவாயில்லை.

எருபே நடக்கிறானா?

செசாங்


நகிலெட்
3 பிப்ரவரி 2006
(உறையில்)

அன்புள்ள செசாங்,

நலம். இங்கே வெயில் அதிகம். எங்கள் பதினோரு ஒட்டகங்களையும் செம்மேட்டுப் பள்ளத்துக்கு ஓட்டிப் போகிறோம். அங்கே முள்மரம் இன்னும் பச்சையாக இருக்கிறது. என் சித்தப்பா மகன் சிறுவன், அவன் ஒருவன்தான் பார்த்துக்கொள்வான். அமைதி வாழ்க.

எகிடோர்


(அதே நாள், அடித்துணிக்குள்)

செம்மேடு பொய். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். ஒட்டகங்கள் ஆற்று வளைவில் நெடுமரத்தடியில் இருக்கும். எருபே நடக்கவில்லை. துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான்.


செப்தெரிட்
16 பிப்ரவரி 2006
(அடித்துணிக்குள்)

எகிடோர்,

பார்த்துவிட்டேன். கேட்டும் விட்டேன். உட்கார்ந்து படி.

போன வியாழன் கூட்டத்தில் டீ ஊற்றினேன். பெரியப்பா மையம் கொடுத்த வெள்ளைப் பனியன் போட்டிருந்தார், நெஞ்சில் புறா. சாப்பாடு ஆனதும் வாஃபுலா சார் எழுந்து நின்று உன் கடிதத்தை எடுத்தார். மேலோட்டமாக அல்ல, உரக்க. ஒரு சொல் விடாமல் படித்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

"பாருங்க பெரியவங்களே! போன மாசம் இந்தப் பையன் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அப்படியும் தன் ஒட்டகம் எங்க நிக்குதுன்னு நம்ம பொண்ணுக்கு எழுதுறான். இதுதாங்க நம்பிக்கை! இதைத்தான் நான் மேலிடத்துக்கு எழுதப் போறேன்!"

எல்லாரும் கை தட்டினார்கள். பெரியப்பாதான் முதலில் தட்டினார். பிறகு கேட்டார்: "நல்லா எழுதுறான் சார் பையன். செம்மேட்டுல எந்தப் பள்ளம்னு போட்டிருக்கான்?"

"அது போடலைங்களே."

"சும்மா கேட்டேன். புள்ளைங்க எழுத்து அழகா இருக்கு. போன தடவை அந்த நாய் பேரு... சேர்மன்! அதை நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது."

என் கையில் இருந்த டீ அவர் மடியில் கொட்டியது. வேண்டுமென்று கொட்டவில்லை, ஆனால் வருத்தமும் இல்லை.

சனிக்கிழமை என் அண்ணன் கமரிலும் ஆறு பேரும் "சந்தைக்கு" கிளம்பினார்கள். அன்று அம்மா இடுப்பில் பட்டை கட்டியிருந்தாள். உனக்குத் தெரியாது, சொல்கிறேன். எங்கள் பெண்கள் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தோல் பட்டை ஒன்று கட்டுவார்கள், முழுக்கச் சோழி பதித்தது. அதற்குப் பிறகு அது சுவரில்தான் தொங்கும். மகன் கொள்ளைக்குப் போனால் மட்டும் எடுத்துக் கட்டுவாள். அவன் திரும்பி வரும் வரை அவிழ்க்க மாட்டாள். அது இடுப்பில் இருக்கும் வரை அவன் உயிருக்குக் காவல். சந்தைக்குப் போகிறவனுக்கு யாரும் பட்டை கட்டுவதில்லை.

திங்களன்று வெறுங்கையோடு வந்தார்கள். "செம்மேட்டுல பல்லிகூட இல்ல" என்று கமரில் செருப்பைத் தூக்கி எறிந்தான். பெரியப்பா வாசலில் நின்று திட்டினார். தார்ச்சாலையில், கொள்ளை மாடு வாங்கும் லாரிக்காரன் காத்திருந்துவிட்டுக் காலியாகப் போனானாம்.

இன்று காலை வாஃபுலா சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார். "செசாங், கறித்தரங்கு எழுதினது நீதான்னு எனக்குத் தெரியும். விளையாட்டுக்கும் ஒரு எல்லை இருக்கும்மா. உன் பெரியப்பா ரெண்டு அமைதி மாநாட்டுக்குப் போனவரு." போலீசிடம் போகலாம் என்று யோசித்தேன். போன தடவை அவர்கள் வந்தபோது கொள்ளைக்காரர்களை விட்டுவிட்டுக் கிழவர்களை அடித்தார்கள், குடிசைகளைக் கொளுத்தினார்கள்.

ஆக, என்னை நம்ப ஒருவரும் இல்லை. இது நான் எனக்கே செய்துகொண்ட குறும்பு போல இருக்கிறது.

செசாங்


நகிலெட்
17 பிப்ரவரி 2006
(அடித்துணிக்குள்)

செசாங்,

நெடுமரத்தடியிலும் ஒட்டகம் இல்லை. அது உனக்கு வைத்த பொறி. அவர்கள் செம்மேட்டுக்குப் போனால் வாஃபுலா வழி, நெடுமரத்துக்கு வந்தால் உன் வழி. மூன்று நாள் எதிர்க் கரைப் புதரில் படுத்துப் பார்த்தேன். கொசு மட்டும் வந்தது.

இதற்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீயாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாய்.

இப்போது உன்னைப் பாதி நம்புகிறேன். மறு பாதி சொல்கிறது: சுட்டது இவள் அண்ணன், அனுப்பியது இவள் பெரியப்பா, இவள் எதற்காக எனக்கு எழுதுகிறாள்? நாளைக்கு அண்ணனா நானா என்று வந்தால் யார் பக்கம் நிற்பாள்? பதில் எனக்குத் தெரியும். நானும் எருபே பக்கம்தான் நிற்பேன்.

உன் அண்ணன் பெயரை நான் எருபேயிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. சொல்லத் தெரியவில்லை.

எகிடோர்


செப்தெரிட்
23 பிப்ரவரி 2006
(உறையில்)

அன்புள்ள எகிடோர்,

நலம். இங்கே எல்லாரும் அமைதியாக இருக்கிறோம், குறிப்பாகச் சாப்பிடும்போது. பந்தில் காற்று குறைந்திருக்கிறது, பை மட்டும் கனமாக இருக்கும், பயப்படாதே. அமைதி வாழ்க.

செசாங்


(அதே நாள், அடித்துணிக்குள்)

எகிடோர்,

ஞாயிறு விடியலில் உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஊற்றுக்கு இல்லை, வீட்டுக்கே. ஒட்டகங்கள் வேறெங்கும் இல்லையென்றால் வீட்டுத் தொழுவத்தில்தான் இருக்கும் என்று பெரியப்பா கணக்குப் போட்டுவிட்டார். லாரிக்காரன் மறுபடி வருகிறான். ஏழு பேர். முன்னால் நடப்பவன் கமரில்.

அம்மா நேற்றே பட்டைக்கு நெய் தடவி வைத்துவிட்டாள். அதனால் எனக்குத் தெரிந்தது. பிறகு சுவரோரம் நின்று கேட்டேன்.

பையில் பந்துக்கு அடியில் இருப்பது அந்தப் பட்டை. இன்று காலை சுவரிலிருந்து எடுத்தேன். தரையில் குறுக்கே கிடக்கும் தாயின் பட்டையை எங்கள் ஆண்கள் யாரும் தாண்ட மாட்டார்கள். எந்தத் தாயுடையதாக இருந்தாலும் சரி. தாண்டினால், தன்னைச் சுமந்த வயிற்றை மிதித்தது போல. சண்டை நடுவில் ஒரு பெண் பட்டையை அவிழ்த்துப் போட்டு நிறுத்தியதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். உங்கள் முள்வேலி வாசலில் குறுக்கே போடு. சோழி மேல் பக்கம் இருக்க வேண்டும். இருட்டிலும் வெள்ளையாகத் தெரியும்.

இதை உன் ஆட்களிடம் சொன்னால் அவர்கள் பதுங்கிக் காத்திருப்பார்கள். என் அண்ணன் செத்துவிடுவான். சொல்லாமலும் பட்டையைப் போடாமலும் இருந்தால் உன் வீட்டில் யார் சாவார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் உன் கையில் கொடுக்கிறேன். வேறு வழி தெரியவில்லை.

செசாங்


நகிலெட்
3 மார்ச் 2006
(அடித்துணிக்குள்)

செசாங்,

போன வெள்ளிக்கிழமை பையைத் தனியாக எடுத்துப் போய்ப் பிரித்தேன். பட்டையைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. நெய் வாசனை. உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் தோன்றியது: இது அடுத்த கழுதை. இதை வாசலில் போட்டால் எங்கள் வீட்டுக்கு ஏதோ பிடிக்கும். அல்லது, இதுதான் கொள்ளையடிக்க வேண்டிய வீடு என்பதற்கு அடையாளம். இருட்டிலும் வெள்ளையாகத் தெரியும் என்று நீயே எழுதியிருக்கிறாயே.

திரும்பப் படித்தேன். இன்னொரு தடவையும் படித்தேன். அந்தக் கடிதத்தில் ஒரு நக்கல்கூட இல்லை. என் பெயரை வைத்துக்கூட நீ விளையாடவில்லை. வாசலில் போடு என்று எழுதும்போது வாசல்காரனே என்று சொல்லாமல் உன்னால் இருக்க முடியுமா? அதைப் பார்த்ததும் நிஜம் என்று தெரிந்துவிட்டது.

அப்பாவிடம், அம்மாவையும் தங்கைகளையும் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பலாம் என்றேன். எருபே என் முகத்தைப் பார்த்தான்.

"ஏண்டா? என்ன தெரியும் உனக்கு?"

"ஒண்ணும் தெரியாதுண்ணா. கனவு கண்டேன்."

"நீ கனவு காண்ற ஆளா? குறட்டை விடுற ஆளு நீ."

ஆனால் அப்பா அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். எருபே நகரவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே துப்பாக்கியோடு வாசலுக்கு நேரே நொண்டிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஞாயிறு. இன்னும் சரியாக விடியவில்லை. ஒட்டகங்கள் காதை நிமிர்த்தின. எருபே கண் அசந்த நேரத்தில் பட்டையை வாசலில் போட்டுவிட்டு நான் தொழுவத்துக்குள் படுத்திருந்தேன். ஏழு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் வாசல் முள்ளை இழுத்துத் தள்ளிவிட்டு ஒரு காலைத் தூக்கினான். தூக்கிய கால் அப்படியே நின்றது. குனிந்தான். பின்னால் இருந்தவன் ஏதோ கேட்டான், உங்கள் மொழியில். முன்னால் இருந்தவன் மண்டியிட்டுவிட்டான்.

எருபே குறி வைத்தான். அவ்வளவு பக்கத்தில் குருடன்கூடத் தவற மாட்டான். விசையை இழுத்தான். சத்தம் மட்டும் வந்தது, டிக் என்று. மறுபடி டிக்.

சனிக்கிழமை அவன் கால் கட்டு மாற்றும்போது குண்டுகளை எல்லாம் உருவி உகாலிக் களி கிண்டும் சோள மாவு மூட்டைக்குள் புதைத்துவிட்டேன். உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட புத்திதான். நீ பொய் சொல்லியிருந்தால் அன்று எங்கள் வீட்டில் சுடக்கூடிய பொருள் ஒன்றும் இல்லை. உன் அம்மாவின் பட்டை மட்டும் இருந்தது.

அந்தச் சத்தம் அவர்களுக்கும் கேட்டது. வேலியை வேறு பக்கம் வெட்டி நுழைந்திருக்கலாம். நுழையவில்லை. முன்னால் இருந்தவன் பட்டையை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரும்பினான். மற்றவர்களும் அவன் பின்னால் போய்விட்டார்கள்.

எருபே என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "மாவுல இன்னும் ஒண்ணு கிடக்கு, அம்மா பல்லு உடையப் போகுது, தேடி எடு" என்றான். அது பேச்சுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்களன்று வாஃபுலா சார் வந்தார். வாசலில் ஏழு பேர் தடம் வந்து நின்று திரும்பியிருப்பதைப் பார்த்தார். நாயின் பெயர் எப்படி வெளியே போனது என்று யோசித்துக்கொண்டே இருந்த எருபே கேட்டான்: "சார், எங்க தம்பி கடுதாசியை அங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்டினீங்களா?" அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நல்லதுக்குன்னுதான்..." என்று ஆரம்பித்தார். பிறகு எருபே காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்று வரும்போது எனக்கு ஒரு பசைப் புட்டி கொடுத்தார், இனி உறையை ஒட்டிக்கொள்ளச் சொல்லி. பசை கொடுத்தவருக்கு ஆவி காட்டிப் பிரிக்கவும் தெரியும். நான் அடித்துணியிலேயே எழுதுகிறேன்.

பட்டை உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததா? உனக்கு அடி விழுந்ததா?

எகிடோர்


செப்தெரிட்
9 மார்ச் 2006
(அடித்துணிக்குள்)

அருமை வாசல்காரனே,

நீ கேட்டபடி பெயரை வைத்து விளையாடிவிட்டேன். எனக்கு உடம்பு சரியாகிவிட்டது.

எனக்கும் அந்தப் பசைப் புட்டி வந்தது. அதை வைத்து வாஃபுலா சாரின் நாற்காலியில் ஏதாவது செய்யலாமா என்று யோசித்தேன். செய்யவில்லை. அவர் போன வியாழன் கூட்டத்தில் ஆடு வெட்டவில்லை, கடிதம் படிக்கவில்லை. "பிள்ளைங்க கடிதம் இனி பிள்ளைங்களுக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டு, "தலைவரே, லோமெரி ஊத்தைப் பத்தி உங்ககிட்ட தனியா பேசணும்" என்றார். பெரியப்பா வெளியே போய்ப் புகையிலை துப்புவது போல நின்றார். அவருக்குப் புகையிலைப் பழக்கமே இல்லை. இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. புறாப் பனியன் மட்டும் இப்போது எங்கள் ஆட்டுக் கொட்டகைக் கதவைத் துடைக்கக் கிடக்கிறது. அவர் திருந்திவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். லாரிக்காரனின் தம்பி நேற்று இங்கே வந்து டீ குடித்துவிட்டுப் போனான்.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

சனிக்கிழமை கமரில் கிளம்பும் நேரம் அம்மா பட்டையை எடுக்கச் சுவர்ப் பக்கம் போனாள். ஆணி மட்டும் இருந்தது. நான் மூலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்ததையே தேய்த்தேன். அம்மா ஆணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சத்தம் போடுவாள், பெரியப்பா வருவார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் மெதுவாகக் கேட்டது ஒன்றுதான்:

"பந்து வண்டி போயிடுச்சா?"

"அன்னைக்கே போயிடுச்சும்மா."

"சரி."

போர்வையை எடுத்து இடுப்பை மூடிக் கட்டிக்கொண்டாள். வெளியே போய்க் கமரில் தலையில் கை வைத்து, "கட்டிட்டேன்டா, போய்ட்டு வா" என்றாள். எகிடோர், நான் இதுவரை செய்த குறும்பு எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த ஒரு பொய்யின் பக்கத்தில் நிற்காது. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. இடுப்பில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள், இல்லாத பட்டையின் மேல்.

ஞாயிறு மதியம் கமரில் வந்தான். சட்டைக்குள்ளிருந்து பட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தான். முகம் சாம்பலாக இருந்தது.

"அம்மா, இது எப்படி அங்க வந்துச்சு? நீ கட்டிட்டேன்னு சொன்னியே!"

என் தலை போகப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மா சோழியில் ஒட்டியிருந்த உங்கள் வாசல் மண்ணை விரலால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீ போற இடத்துக்கு உனக்கு முன்னாடி நான் போனேன். திரும்பி வந்துட்டல்ல? பின்ன என்ன?"

கமரில் வெளியே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தான். வெகு நேரம் கழித்து என்னிடம் கேட்டான்: "அந்த வீட்டுல ஒருத்தன் என்னைப் பார்த்து ரெண்டு தடவை சுட்டான். ரெண்டும் வெடிக்கல. அம்மா பட்டைதானே காப்பாத்துச்சு?"

மாவு மூட்டையைப் பற்றி நான் சொல்லவில்லை. அம்மாவின் பெருமை அப்படியே இருக்கட்டும்.

இனி நான் எவ்வளவு நீளமாக எழுதினாலும், எத்தனை பொய் எழுதினாலும், கடைசி வரியை மட்டும் நம்பு. தினமும் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த ஆணியைத்தான். பட்டை சுவரில் தொங்கினால் நிம்மதியாகத் தூங்கு. அம்மா இடுப்பில் இருந்தால் தங்கைகளை அனுப்பிவிடு. அதை வைத்து மட்டும் நான் விளையாட மாட்டேன்.

எருபேயிடம் என்னைப் பற்றிச் சொன்னாயா? சொல்லாதே. சொல். சொல்லாதே.

இந்த வாரம்: சுவரில்.

செசாங்